கம்மா விரால் இரை அடிக்கிறத நேர்ல பாத்தவங்க இருந்தா எழுதுங்க

உத்தரகோசமங்கையான்
நேரா விஷயத்துக்கு வந்துர்றேன். சக்கரக்கோட்டை கம்மா, மழை முடிஞ்சு தண்ணி கரைய தொட்டு நிக்கிற நேரம். சரணாலயம்ங்கிறதால அங்க யாரும் தூண்டில் வலை எதுவும் போடக்கூடாது, உங்களுக்கே தெரியும், நான் பறவை பாக்கத்தான் போனேன். கரைக்குப் பக்கத்துலயே ஒரு முக்குளிப்பான், முதுகுல ரெண்டு குஞ்சு ஒக்காந்திருக்கு, இன்னொண்ணு பின்னாடியே நீந்தி வருது, தலையில வரி வரியா இருக்குமே அந்த குஞ்சு. தண்ணி முழங்கால் ஆழம் இருந்தா அதிகம், அடியில கோரை. நான் மொபைல எடுக்கலாமா வேணாமான்னு யோசிச்சிட்டு இருக்கும்போதே குஞ்சு நீந்துன எடத்துல தண்ணி உள்ளுக்கு வாங்குச்சு. அலைகூட பெருசா இல்ல, பொளக்குன்னு ஒரு சத்தம், அம்புட்டுதான். குஞ்சக் காணோம். தாய் முங்குச்சு, வேற எடத்துல எந்திரிச்சு கீச் கீச்சுன்னு கத்திக்கிட்டே சுத்துச்சு, முதுகுல இருந்ததுக ரெண்டும் அப்பிடியே செறகுக்குள்ள போயிருச்சு.

அது விராலுதான்னு கூட வந்தவன் சத்தியம் பண்றான். எனக்கு என்ன உறுத்துதுன்னா நான் அந்த எடத்தையேதான் பாத்துக்கிட்டு இருந்தேன், முழங்கால் தண்ணியில அம்புட்டு பெரிய மீனு நின்னுருந்தா என் கண்ணுக்கு எப்பிடித் தெரியாமப் போகும்? பாத்தவங்க சொல்லுங்க.

மடைக்காரர் மகன், திருப்புல்லாணி
தெரியாது தம்பி. எங்க அய்யா கம்மாயில நீர்பாய்ச்சியா, அதாவது மடையத் தொறந்து வயலுக்குத் தண்ணி விடுறவரா இருந்தவரு, சின்ன வயசுல அவரு கூட மடையில ஒக்காந்தேதான் வளந்தேன், அவரு காட்டுனப்புறம்தான் எனக்கே கண்ணுல படும். முதுகு சேத்து நெறம், பக்கத்துல கோரை நெழல் விழுகுற பட்டை, ஆடாம அசையாம நிக்கும், பக்கச் செறகு மட்டும் லேசா ஆடிக்கிட்டு இருக்கும். மூச்சு வாங்க மேல வந்தாத்தான் நமக்குத் தெரியும். விராலுக்கு செவுள் மட்டும் பத்தாது, காத்தையும் குடிச்சாகணும், மேல வரவிடாம தண்ணிக்குள்ளயே அமுக்கி வச்சா மீனே மூச்சு முட்டி செத்துப்போகும்.

ஆனா நீ பாத்தது பசியில அடிச்சதான்னு எனக்கு சந்தேகம். நான் ஏன் சொல்றேன்னா ஒரு தடவ மடைக்குப் பக்கத்துல விராலோட செவப்புக் குஞ்சு கூட்டம் நின்னுச்சு, குங்குமத்தக் கரைச்சு விட்ட மாதிரி தண்ணிக்கு மேல ஒரு திட்டு, மொத்தக் கூட்டமும் ஒண்ணா மேல வந்து மூச்சு வாங்கிட்டு ஒண்ணா எறங்கும், கீழ ஆத்தாளும் அப்பனும் காவல். அந்தப் பக்கமா ஒரு தண்ணிப்பாம்பு நெளிஞ்சு வந்துச்சு. குஞ்சு கூட்டத்துக்கு ஒரு பாகம் தூரம் இருக்கும்போதே கீழருந்து வந்து நடு ஒடம்புல ஒரே அடி, பாம்பு தண்ணிய விட்டு மேல எந்திரிச்சு விழுந்துச்சு. மறுபடி ஒரு அடி. திங்கல. கவ்வுச்சு, ஒதறுச்சு, விட்ருச்சு. பாம்பு தப்பிச்சோம் பொழச்சோம்னு கரையேறி என் காலத் தாண்டிப் போச்சு. அய்யா அசையாத அசையாதன்னு கையமத்துறாரு, எனக்கு பாம்புக்கு பயப்படுறதா மீனுக்கு பயப்படுறதான்னே தெரியல.

அதனால தம்பி, நீ பாத்த எடத்துல செவப்பா எதும் தெரிஞ்சுச்சான்னு யோசிச்சுப் பாரு. குஞ்சுக்காரி அடிக்கிற அடி வேற, பசிக்கு அடிக்கிற அடி வேற.

கீழக்கரை காக்கா
ஒரு கம்மா மீனுக்கு இம்புட்டு ஆராய்ச்சியா. கடல் மீன் திங்கிறவனுக்கு அந்த சேத்து வாடையே ஆகாது. அடிக்கிறதப் பாக்கணும்னா கொடுவாயப் பாருங்க. மழைக்காலத்துல கம்மாயெல்லாம் மறுகால் போயி ஓடைத்தண்ணி கடல்ல வந்து விழுகுமே அந்த முகத்துவாரத்துல நின்னு பாருங்க, மடவக் கூட்டம் தண்ணிய எதுத்து ஏறும், கொடுவா இருட்டுல காத்துக்கிட்டு இருக்கும். எங்க மாமா வலைய சரி பண்ணிக்கிட்டு இருக்காரு, நான் டார்ச் புடிச்சிக்கிட்டு நிக்கிறேன், இடுப்பளவு கூட தண்ணி இல்ல, டப்புன்னு ஒரு சத்தம், எவனோ வெடி போட்டான்னு நெனச்சேன். வாயத் தொறந்து தண்ணியோட மீன உள்ள இழுக்கிற சத்தம் அது. டார்ச்ச அடிச்சா கண்ணு ரெண்டும் செவப்பா மின்னுது. அந்த கண்ணு இன்னும் மறக்கல எனக்கு. விரால் அடிச்சா பொளக்குன்னு சத்தமாம், பொளக்கு.

கொடுவா நல்ல தண்ணிக்குள்ளயும் ஏறும், கம்மா வரைக்கும் வந்துரும், அதனால சக்கரக்கோட்டையில அடிச்சது கொடுவான்னு சொன்னாலும் நான் ஒத்துக்குவேன்.

மடைக்காரர் மகன், திருப்புல்லாணி
காக்கா நீங்க பெரியவரு, ஆனா கடல்ல இருந்து சக்கரக்கோட்டைக்கு கொடுவா எந்த ஓடையில ஏறி தண்ணி வழியுற கலுங்கு எத்தனையத் தாண்டி வந்துச்சுன்னு கொஞ்சம் சொல்லுங்க. வாய்க்கு வந்தத சொல்லப்படாது.

சாயல்குடி செல்வி
நான் மீன் வெட்டுறவ, சந்தையில. தண்ணியில அடிக்கிறதெல்லாம் நான் பாக்கல, வயித்துக்குள்ள இருக்கிறதத்தான் பாத்திருக்கேன், அத சொல்லலாம்ல?

விரால உசுரோடதான் கேப்பாங்க, அண்டாவுல கொஞ்சூண்டு தண்ணி விட்டு மேல வலைய கட்டி வச்சிருப்போம், நெறைய தண்ணி விட்டு இறுக்க மூடுனாத்தான் சாகும், மடைக்காரர் மகன் சொன்னது சரிதான். அன்னைக்கு ஒருத்தரு பெரிய விராலாப் பாத்து எடுத்தாரு, தலையில அடிச்சு சாம்பல் போட்டுத் தேச்சு வயித்தக் கீறுனா உள்ள இன்னொரு விரால். முழுசா. தலை கரைஞ்சு கூழாக் கெடக்கு, வால் பக்கம் செதில்கூட போகாம அப்பிடியே புதுசா இருக்கு, முழுங்குனது பாதி அளவு இருக்கும்ங்க, பொய் சொல்லல. வாங்க வந்தவரு மூஞ்சி போன போக்கப் பாக்கணும், எனக்கு வேணாம்மான்னு போயிட்டாரு. பக்கத்துக் கடைக்காரம்மா ஒரு மீன் காசுல ரெண்டு மீனுன்னு சிரிக்குது, நான் அந்த வாலையே பாத்துக்கிட்டு நிக்கிறேன், தன் சாதியவே தின்னுட்டு அண்டாவுல ஒண்ணும் தெரியாத சாதுவா கெடந்துச்சே.

தவளை நெறைய பாத்திருக்கேன், கெண்டை, ஜிலேபி, உளுவை, கூனி இறால், சில்லறையா தும்பிப் புழு. எது கெடந்தாலும் தலைதான் மொதல்ல உள்ள போயிருக்கும். தலைப்பக்கமா முழுங்குனாத்தான் செறகு முள்ளு பின்னால மடங்கும். குருவிக்குஞ்ச இதுவரைக்கும் நான் வயித்துல பாத்ததில்ல, ஆனா பெரிய விரால் வாய நல்லா தொறந்து பாருங்க, கோழிக்குஞ்சே போகும்.

முதுகுளத்தூர் மச்சான்
அக்கா சொன்ன செறகு முள்ளு விஷயத்துலதான் என் கதையே. சாயங்காலம் எங்க ஊரு கம்மாயில ஒரு விரால் மல்லாந்து மல்லாந்து மெதக்குது, சாகல, வால அடிச்சுக்கிட்டு வட்டம் போடுது. தண்ணிக்குள்ள எறங்கி கையாலயே புடிச்சிட்டேன், விரால கையாலப் புடிக்க முடியுமா சொல்லுங்க, வழுக்கிட்டுப் போயிரும்ல, அதுவே வந்து மடியில விழுந்துச்சு. வாயப் பாத்தா ஜிலேபி வாலு வெளிய நீட்டிக்கிட்டு இருக்கு. முதுகு முள்ளெல்லாம் வெறச்சு நின்னு தொண்டையில குத்தி, உள்ளயும் போகல வெளியவும் வரல. இழுத்துப் பாத்தேன், வரல. அந்த ஜிலேபி அப்பவும் வால ஆட்டுதுங்க! ரெண்டும் உசுரோட.

ஜிலேபி நம்ம ஊரு மீனே கெடையாது, 1952ல வெளிநாட்டுல இருந்து கொண்டாந்து விட்டது, இப்ப எந்தக் கம்மாயில தண்ணி வத்தி மீன் அள்ளுனாலும் கூடை கூடையா அதுதான் வருது. விரால் இருந்தா ஜிலேபி கொறையும்னு சொல்லுவாங்க, குட்டி ஜிலேபின்னா சரி, ஒரு அளவுக்கு மேல வளந்து போச்சுன்னா விரால் வாய்க்கு அடங்காது. அதுக்குள்ள அது ஆயிரம் குஞ்சு போட்ரும், அதுவும் வாய்க்குள்ளயே வச்சு வளக்குற ஜாதி.

நயினார்கோவில் பண்ணை
விரால் பத்திப் பேசுறதால சொல்றேன், யாருக்காச்சும் உபயோகப்படும். நான் மூணு குட்டையில விரால் வளக்குறேன். என் அனுபவம்னு பாத்தா ஒருநாள் ராத்திரி மழையில ஒரு விரால் குட்டையில இருந்து ஏறி வரப்புல வந்து கெடந்துச்சு, நாய் கொலச்சு எந்திரிச்சுப் போயி பாத்தேன், அம்புட்டுதான், அத விடுங்க.

முக்கியமான விஷயம் என்னன்னா இது கறி திங்கிற ஜாதி, கெண்டை கட்லா வளக்குற கணக்குல புண்ணாக்கு தவுடு போட்டு வளக்க முடியாது. குஞ்சு மொதல்ல தண்ணியில இருக்கிற கண்ணுக்கே தெரியாத பூச்சியத்தான் திங்கும், அப்பறம் புழு, அப்பறம் சின்ன மீனு, அந்தப் பருவத்துலயே தீவனத்துக்குப் பழக்கிரணும், பெருசானப்புறம் கம்மாயில புடிச்ச விரால கொண்டாந்து விட்டு தீவனம் போட்டா அது திரும்பிக்கூட பாக்காது, பட்டினியா கெடக்கும். பழக்குறப்ப மீன் அரைச்சதையும் தீவனத்தையும் கலந்து கலந்து கொடுத்து கொஞ்சங்கொஞ்சமா தீவனத்தக் கூட்டணும். ரெண்டாவது, தரம் பிரிக்காம விட்டீங்கன்னா செத்தீங்க. எல்லாம் ஒரே நாள்ல பொறந்த குஞ்சாத்தான் இருக்கும், ஆனா ஒண்ணு கொஞ்சம் முந்தி வளந்துரும், அது மத்தத முழுங்க ஆரம்பிக்கும், முழுங்க முழுங்க அது இன்னும் வளரும், கடைசியில ஆயிரம் விட்ட எடத்துல குண்டு குண்டா நூறு கெடக்கும். அதனால பெருசு சிறுசுன்னு அடிக்கடி பிரிச்சு வேற வேற தொட்டியில போடணும். மூணாவது வலை. சுத்தியும் வலை, மேலயும் வலை. மழை பேஞ்சு தண்ணி ஓடுற சத்தம் கேட்டா இது குட்டையில நிக்காது, ஏறிப் போயிரும். மேல இருந்து நீர்க்காகமும் மீன்கொத்தியும் வரும். நாலாவது, தண்ணி ஆழமா வைக்காதீங்க, அது ஒவ்வொரு தடவையும் மூச்சு வாங்க மேல வரணும், ஆழம் கூடுனா அந்த அலைச்சலுக்கே தின்ன தீனி சரியாப் போயிரும், சின்னக் குஞ்சு இருக்கிற தொட்டிக்கு இது ரொம்ப முக்கியம். அஞ்சாவது, ஆப்பிரிக்கக் கெளுத்திய விரால்னு சொல்லி தள்ளி விட்ருவாங்க, அது தடை பண்ணுன மீனு, மீசை இருக்கான்னு பாத்து வாங்குங்க. தேவைப்படுறவங்க கேளுங்க, குஞ்சு எங்க வாங்குறது எப்பிடி கொண்டாறதுன்னு சொல்றேன்.

உத்தரகோசமங்கையான்
அண்ணே இங்க யாரும் பண்ணை வைக்கப் போறதில்ல. நாய் கொலச்சு போயி பாத்தேன்னீங்களே அந்த கதைய சொல்லியிருந்தா படிச்சிருப்போம்.

ஆர்.எஸ்.மங்கலத்துக்காரி
நாரை பறக்காத நாப்பத்தெட்டு மடைன்னு எங்க கம்மாயப் பத்தி சொல்லுவாங்க, அம்புட்டு பெருசு, ஆனா உள்வாயில நடந்தே போகலாம் பாதி எடம், அதான் விராலுக்கு சொர்க்கம். மடைக்காரர் மகன் அண்ணன் சொன்ன செவப்புக் குஞ்சு விஷயத்துல நான் பாத்தத எழுதலன்னா எனக்குத் தூக்கம் வராது.

மீன்பாசி குத்தகை, அதான் கம்மாயில மீன் புடிக்கிற குத்தகை, அத எடுத்த ஆளுக இல்ல, வெளியூர்ல இருந்து பைக்ல வந்த ரெண்டு பயலுக, ரப்பர் தவளை மாட்டுன தூண்டில். செவப்பு எங்க தெரியுதுன்னு தேடிப் போயி அதுக்கு நடுவுலயே தவளையப் போடுறானுக. பசி இருந்தாலும் இல்லாட்டியும் குஞ்சுக்கு மேல எது விழுந்தாலும் தாய் தகப்பன் அடிச்சே தீரும்னு அவனுகளுக்குத் தெரியும். மொதப் போட்டதுலயே ஒண்ணு, கொஞ்ச நேரத்துல இன்னொண்ணு. ரெண்டையும் செவுள்ல கயித்தக் கோத்து தூக்கிட்டுப் போயிட்டானுக, வீடியோ வேற. நான் ஆடு ஓட்டிக்கிட்டு கரையில நிக்கிறேன். அவனுக வண்டி எடுத்த சத்தம் அடங்கல, அந்த செவப்பு கலைய ஆரம்பிச்சிருச்சு. சுத்தியும் சலசல சலசலன்னு தண்ணி கொதிக்குது, கெண்டையும் குறவையும் புகுந்து பொறுக்குது. குஞ்சுக கூட்டமா மேல வந்து மூச்சு வாங்கிட்டு எறங்கும்ல, ஒவ்வொரு தடவ மேல வரும்போதும் திட்டு சின்னதாகிக்கிட்டே வருது. ஆடு பயிருக்குள்ள எறங்கிருச்சுன்னு யாரோ கத்துனாங்க, ஓடிட்டேன், திரும்பி வந்து பாத்தா கலங்கல் தண்ணி மட்டுந்தான்.

பெரிய விரால் புடிக்கணும்னா கோடையில தண்ணி வத்துனதும் புடிங்கப்பா, யாரு வேணாம்னா. குஞ்சு மேல தூண்டில் போடுறவன மீன் புடிக்கத் தெரிஞ்சவன்னு சொல்லாதீங்க.

முதுகுளத்தூர் மச்சான்
தங்கச்சி சொன்னது நூத்துக்கு நூறு. ஆனா தவளைத் தூண்டில் போடுறவன் எல்லாரையும் ஒண்ணா சேக்காதீங்க. எங்க தாத்தா நெசத் தவளையக் கோத்து விடியக்காலம் கோரை ஓரமா தட்டித் தட்டி இழுப்பாரு, செவப்பு கண்டா அந்தப் பக்கமே போகமாட்டாரு. பசிக்கு அடிக்கிற விரால் கவ்வுனதும் அடிக்குப் போகும், அங்க வச்சு வாயில திருப்பித் தலைப்பக்கமா கொண்டாந்து அப்பறம்தான் முழுங்கும், கயிறு கொஞ்சம் ஓடும், நிக்கும், மறுபடி ஓடும், அந்த ரெண்டாவது ஓட்டத்துலதான் தாத்தா இழுப்பாரு. மொத அடியிலயே இழுத்தா தவளை மட்டும் வரும், பல்லு தடத்தோட.

பரமக்குடி ரவுண்டு
நான் பாத்தது எல்லாத்துக்கும் நேர் எதிர், திங்காத விரால். சித்திரை வெயில், கம்மா காஞ்சு வெடிச்சுக் கெடக்கு, வயலுக்கு வண்டல் அள்ளுறோம். பொக்லைன் வாளி ஒரு கட்டிய தூக்கி டிராக்டர்ல கொட்டுது, கட்டி ரெண்டாப் பொளந்து உள்ள இருந்து ஒரு விரால் வழுக்கி விழுகுது, ஒடம்பெல்லாம் கொழகொழன்னு சேறு, வாயத் தொறந்து மூடுது. மேல கட்டாந்தரை, அடியில மட்டும் ஈரம் இருந்திருக்கு. டிரைவர் எறங்கி வந்து அதப் பாத்துக்கிட்டே நிக்கிறாரு, வண்டி ஓடிக்கிட்டு இருக்கு. வீட்டுல கொண்டாந்து அறுத்தா குடல்ல ஒண்ணுமே இல்ல, காலி, வயிறு முதுகோட ஒட்டிப் போயிருக்கு. எம்புட்டு நாளா அது சேமிச்சு வச்ச கொழுப்புலயே கெடந்துச்சோ. முழங்கால் தண்ணியில எப்பிடி நின்னுச்சுன்னு கேட்டாருல்ல மொதல்ல எழுதுனவரு, அதுக்கு தண்ணியே தேவையில்ல பங்காளி.

மண்டபம் கேம்ப்
மண்டபத்துல கடல்விரால் 2010லயே குஞ்சு பொரிக்க வச்சுட்டாங்க, கூண்டுல வளக்குறாங்க, அது இரை எடுக்கிற வேகத்தப் பாத்தீங்கன்னா மத்தி போட்டா தண்ணியத் தொடவே விடாது.

சாயல்குடி செல்வி
தம்பி அது வேற மீனு, இது வேற மீனு. பேருல விரால் இருந்தா சொந்தக்காரனா.

மடைக்காரர் மகன், திருப்புல்லாணி
முதுகுளத்தூர் மச்சான் சொன்னதுல இருக்கு விடை. பசிக்கு அடிச்சா கொண்டு போகும், காவலுக்கு அடிச்சா ஒதறிட்டு விட்ரும். நான் பாத்த பாம்பு வெளிய வந்துருச்சு. நம்ம தம்பி பாத்த முக்குளிப்பான் குஞ்சு திரும்பி மெதக்கல. கோழி இறகு கனம் இருக்கிற ஒடம்பு, துப்பியிருந்தா மேல வந்திருக்கணும். அதனால நான் மொதல்ல சொன்னத மாத்திக்கிறேன், அது பசிதான். கலங்கத் தண்ணியில கண்ணு தெரியாட்டியும் அதுக்கு ஒடம்பு பக்கவாட்டுல இருக்கிற கோடு போதும், மேல காலு அடிக்கிற அதிர்வு வந்துரும், முதுகுல ஏறாம தனியா காலடிச்சுட்டு வந்ததத்தான் எடுத்திருக்கு பாருங்க.

கீழக்கரை காக்கா
கொடுவாயும் துப்பாது.

நயினார்கோவில் பண்ணை
செல்வி அக்கா, உங்க கடையில வாரம் எம்புட்டு விரால் போகும்? பண்ணை விரால் அனுப்பட்டுமா?

சாயல்குடி செல்வி
பண்ணை விரால வெட்டிப் பாத்திருக்கேன் தம்பி, வயித்துக்குள்ள தவளையும் இல்ல கெண்டையும் இல்ல, வெள்ளை வெள்ளையா கொழுப்புத்தான் சுருட்டிக்கிட்டு இருக்கு. வாங்குற ஆளுக அதப் பாத்துட்டு வெலையக் கொறச்சுக் கேக்குறாங்க. கம்மா விரால் வெல சொல்லி அனுப்பாம இருந்தா அனுப்புங்க, திங்கக்கெழம சந்தைக்கு.